ஏழாம் மாதத்தில் வர வேண்டாம்

தூத்துக்குடி
14.8.1976

அன்பு மகள் கிளாடிஸுக்கு அப்பா எழுதுவது. பனிமய மாதா தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி ஹென்றிதான் எப்போதும் எழுதுவான், இது நானே எழுதுவது, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. படித்ததும் கிழித்துப் போடு. பதிலில் இதைப் பற்றி மூச்சு விடாதே, வருகிற கடிதத்தை அவன்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏழாம் மாதம் பிறந்ததும் உன்னைக் கூட்டிவர, இருபத்தைந்தாம் தேதி ஹென்றியை ரயிலேற்றப் போகிறாள். பின்னறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டாயிற்று. வெள்ளை அடித்ததே நான்தான், அடித்துக்கொண்டே உன்னை எப்படி வரவிடாமல் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ வர வேண்டாம் மகளே.

காரணம் சொல்கிறேன். சங்கு குளித்துக் காது போன பிறகு சாயக் கம்பெனியில் எனக்கு வேலையும் இந்த வீடும் கிடைத்தபோது மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினோமே, நினைவிருக்கும். சேர்ந்த புதிதில் மானேஜர் கூப்பிட்டு, கடலுக்குப் போகிறவர்கள் எந்த நாள் போக மாட்டார்கள் என்று கேட்டார். பெரிய மனிதர் நம் சனத்தைப் பற்றி விசாரிக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயித்துக்கிழம ஒரு வள்ளம் தள்ளமாட்டாவ சார், அம்புட்டுப் பேரும் பூசையில இருப்பாவ என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரமே ஞாயிறு காலை எனக்கு டூட்டி போட்டார்கள். ஊரெல்லாம் கோயிலில் முழங்கால் போட்டிருக்கும் நேரத்தில் நான் வால்வைத் திருகி, வாரம் முழுக்கத் தேக்கிய சாயக்கழிவை ஓடையில் திறந்துவிடுகிறேன், அது கடலுக்குப் போகிறது. திங்கட்கிழமை ஓரா மீன் வயிறு மேலாக மிதக்கிறது, கடல் சூடு என்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். என்ன ரோச், ஞாயித்துக்கிழம ஆளையே காணோமே என்று பங்குச்சாமி கேட்கிறார். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அந்த ஓடை நம் வீட்டுக்குப் பின்னால்தானே போகிறது. இப்போது கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக ஊறுகிறது. அம்மா துணியில் வடிகட்டிவிட்டு, போகப்போகத் தெளிஞ்சிரும் என்கிறாள். அடுத்த வீட்டுக் கிருபையின் கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டக் குளிப்பாட்டத் தோல் உரிகிறது. உடம்புச் சூடு என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். தண்ணிய மாத்திப் பாரு என்று மட்டும் சொன்னேன், வேற தண்ணிக்கு நான் எங்கன போவேன் அண்ணாச்சி என்று அழுதாள். அவளுக்குச் சொல்லாததை என் பிள்ளைக்குச் சொல்கிறேன், எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஹென்றியை என் சொல்லை நம்பித்தான் அதே கம்பெனியில் அப்ரண்டிஸாக எடுத்திருக்கிறார்கள். என் வேலை, அவன் வேலை, வீடு மூன்றும் ஒரே நாளில் போகும். இந்தக் காதை வைத்துக்கொண்டு மறுபடி கடலில் இறங்கவும் முடியாது. எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் பிரயாணமே கூடாது என்று அங்குள்ள டாக்டரம்மா கண்டித்துச் சொன்னதாக உடனே அம்மாவுக்கு எழுது. மாப்பிள்ளை வீட்டாரை வாய்க்கு வந்தபடி ஏசுவாள், ஏசட்டும். பேரப்பிள்ளையைத் தூக்க எனக்கு ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாடிப்படியில் பார்த்து இறங்கு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் என் ஆசீர், மாதா உங்களைக் கைவிட மாட்டாள்.

ஒன்றை மறந்துவிடாதே. நீ வரவில்லை என்று தெரிந்தால் அம்மா பிள்ளைக்குத் தைத்து வைத்திருக்கும் ஆறு சட்டைகளையும் பார்சலில் அனுப்புவாள். ஆசையில் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதே. எல்லாவற்றையும் நம் கிணற்றுத் தண்ணீரில்தான் அலசி மடித்திருக்கிறாள்.

இப்படிக்கு உன் அப்பா
ரோச் மச்சாது