மூன்று எண்ணிவிட்டுச் சொன்ன வசனம்

12 நவம்பர் 1979, திங்கள். மட்டாஞ்சேரி.

நாடகப் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

சாயங்காலம் அப்பா கொச்சங்காடி கிடங்கிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் கிளம்பு. மாமா பார்த்து வச்ச வேலை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றார்.

மறுத்துப் பேசும் முன் மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும், கண்ணைத் தாழ்த்தக் கூடாது. எங்களுக்கு நாடகம் சொல்லித்தரும் லீலா சேச்சி சொன்னது இது. எண்ணினேன். அப்பாவையே பார்த்தேன். "ஞான் எங்ஙோட்டும் போகுன்னில்லா" என்றேன்.

வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுவோம். வாயில் வந்ததோ 'நான் எங்கேயும் போகமாட்டேன்' என்னும் என் வேடத்தின் மலையாள வசனம், ஓர் எழுத்துகூட மாறாமல்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா, "இது நீ சொல்றியா, நாடகத்துல வர்றவ சொல்றாளா?" என்று கேட்டாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கே தெரியவில்லையே! நேற்றுவரை போக எனக்குப் பாதி ஆசை இருந்தது. புதுச் செருப்புகூட வாங்கிவிட்டேன். ஆனால் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னதாலா, ஒத்திகை பார்த்திருந்ததாலா?

நாடகத்தில் அந்த வசனத்தோடு திரை விழுந்துவிடும். பிறகு என்ன செய்வது என்று சேச்சி சொல்லித்தரவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் அப்பாதான், "சரி, மோர் ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அந்தச் 'சரி' மோருக்கா, எனக்கா?