இருபத்தொரு வயதில் வளரும் கால்

மே 18, 2025, ஞாயிறு

இரண்டு கோல். இரண்டாவது தலையால் முட்டியது. போன வருடம் இதே டிஃபெண்டர் தருணைத் தோளால் ஒரு இடி இடித்துக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தான். இன்று அவன் தலைக்கு மேலே எழும்பி முட்டினான் தருண். கேலரித் தகரத்தைத் தட்டித் தட்டி என் உள்ளங்கை இன்னும் எரிகிறது. பெங்களூரு கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள்.

மேட்ச் முடிந்து அக்ரஹாரத்து டீக்கடை. ஜெயித்த நாளில்கூடச் சந்தோஷமாக இருக்கத் தெரியாத கூட்டம் எங்களுடையது. பரத் போனை மேசை நடுவில் வைத்தான். அவன் அப்பாவுக்கு மெயின் ரோட்டில் மொபைல் கடை. எங்கள் ரசிகர் குரூப்புக்கு அவன்தான் அட்மின். போனில் தருணின் இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில். போன வருடப் படத்தில் சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும். இந்த வருடம் சட்டை தோளில் பிடிக்கிறது.

"மச்சா, ஒரே வருஷம். உயரத்தப் பாரு. தோளப் பாரு. அதை விடு, ஜிம்னு சொல்லுவீங்க. பூட்ஸ்? எட்டுல இருந்து ஒன்பது. இருபத்தொண்ணு ஆகப் போற வயசுல யாருக்காச்சும் கால் வளருமா?"

"உனக்கு நாக்கு வளரலயா?" என்றார் விஜய்குமார் அண்ணன். ஆட்டோ ஓட்டுகிறவர். மேட்ச் நாளில் சவாரி எடுக்க மாட்டார்.

"சிரிக்காதீங்கண்ணா. ஹார்மோன் ஊசி போட்டாத்தான் பாதம் பெருசாகும். நெட்ல போட்டிருக்கான்."

"அந்த ஊசி வாங்க அவங்கம்மா எத்தனை செங்கல் சுமக்கணும்னு போட்டிருக்கானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் பூட்ஸ் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு சீசனும் நன்றாக ஆடுகிறவனுக்கு ரசிகர்கள் சேர்ந்து பூட்ஸ் வாங்கித் தருவது எங்கள் வழக்கம். அதனால் அவன் கால் அளவு ஊருக்கே தெரியும்.

தருணும் நானும் ஒரே சந்து. முதலில் எழுந்து சண்டை போட வேண்டியவன் நான். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

ஃபேக்டரிக்குப் போகிற நஞ்சன்கூடு ரயிலில் நின்றபடியே குரூப்பைப் படித்தேன். அதே பேச்சு. ஒருவன் தருணின் கழுத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டிருக்கிறான். கோழியை வாங்க வந்தவன் மாதிரி.

பரத்தின் சித்தப்பா மகன் போன வருடம் ஏதோ அகாடமியில் சேர்ந்து ஆறே மாதத்தில் ஆள் இரண்டு மடங்கானான். அன்று இதே குரூப்பில் எல்லோரும் கேட்டது, "என்ன டயட்டு?" வசதியான வீட்டுப் பையன் வளர்ந்தால் டயட். சித்தாள் மகன் வளர்ந்தால் ஊசி. இதை அப்படியே குரூப்பில் போட்டேன். பரத் உடனே எழுதினான்: "ஃபீலிங் வேண்டாம் மச்சா. சயின்ஸ் பேசு."

எனக்கு சயின்ஸ் தெரியாது. கண்ணால் பார்த்தது தெரியும். போன வருடம் தருணும் எங்கள் ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். கேன்டீனில் களியும் சோறும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். முதல் வாரம் அவன் சாப்பிட்டதைப் பார்த்துச் சமையல்காரர் வெளியே வந்து நின்றார். வயிறு நிறைந்தால் தோள் வரும். சரி.

பாதம்?

மே 23, வெள்ளி

கிளப்பிலிருந்து தருணுக்குப் போன். ஒரு வருட ஒப்பந்தம். ஜூன் 9 பெங்களூரில் மெடிக்கல் டெஸ்ட். அதில் தேறினால் கையெழுத்து.

எங்கள் சந்திலிருந்து யாரும் இதுவரை எதிலும் தேறி வெளியே போனதில்லை. பெயின்ட் வேலைக்குப் போவார்கள், சென்ட்ரிங் வேலைக்குப் போவார்கள், திரும்பி வருவார்கள். விஜய்குமார் அண்ணன் ஆட்டோவுக்கு மாலை போட்டு ஹாரன் அடித்துக்கொண்டே மூன்று சுற்று வந்தார். பாப்பாத்தி அத்தை — தருணின் அம்மா — வாசலில் நின்று அழுதார்.

தருண் மட்டும் சிரிக்கவில்லை. "மெடிக்கல்ல என்னல்லாம் பாப்பாங்க?" என்று என்னிடம் கேட்டான். இரண்டு தடவை.

மே 27, செவ்வாய்

எவனோ அந்த இரண்டு படங்களையும் கிளப்பின் பக்கத்தில் போட்டுவிட்டான். "உங்கள் புதுப் பையன். முன்னும் பின்னும்." கீழே நூற்றுக்கணக்கான ஆட்கள். எதிர் டீம்காரன் செய்திருந்தால் புரிந்துகொள்வேன். போட்டவன் ப்ரொஃபைலில் எங்கள் டீம் கொடி.

மாலையில் கிளப்பிலிருந்து மறுபடி போன். ஊக்க மருந்து சோதனையும் முழு மெடிக்கலும் செய்வார்களாம்.

"நான் போகலடா," என்றான் தருண்.

"ஏன்டா?"

"போகல. அவ்வளவுதான்."

ஜூன் 1, ஞாயிறு

தருணுக்குப் பிறந்தநாள், இருபத்தொன்று. எனக்கும்தான். எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான். பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் எங்களை மொத்தமாகப் பெற்றுப் போட்டார்கள். கேக் வாங்கினேன். அவன் கதவைத் திறக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

டீக்கடையில் பரத்தின் சட்டையைப் பிடித்தேன். அவன் கையை எடுத்துவிடக்கூட இல்லை. நிதானமாகக் கேட்டான்.

"அடிக்கறதுன்னா அடி. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. தப்பு செய்யலன்னா டெஸ்டுக்கு ஏன் போக மாட்டேங்கறான்?"

விஜய்குமார் அண்ணன்கூட என்னைத்தான் பார்த்தார்.

சட்டையை விட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி. அதுதான் எரிகிறது.

ஜூன் 4, புதன்

மனதில் ஒன்றை வைத்து வெளியே வேறு பேச எனக்கு வராது. இதனாலேயே இரண்டு கம்பெனியில் என்னை வேண்டாம் என்றார்கள். ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனில் தருணை நிறுத்தினேன்.

"ஊசி போட்டியா?"

அவன் லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான்.

"தருண், போட்டியா இல்லையா? எவன் குடுத்தான்?"

"ஊசி போட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்டா. வயசுப் பசங்க செய்யறதுன்னு ரெண்டு வருஷம் தடை போடுவாங்க. முடிஞ்சுரும்."

இது என்ன பதில்? ரயில் வந்தது. அவன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான். போடலன்னா போடலன்னு சொல்ல வேண்டியதுதானே? ஒரு வார்த்தைதானே? என்கிட்டகூடச் சொல்ல முடியாதா?

போட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

ஜூன் 5, வியாழன்

லீவு போட்டேன். போகாதி பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் கட்டுகிறார்கள். பாப்பாத்தி அத்தைக்கு அங்கேதான் வேலை. மணல் சலித்துக்கொண்டிருந்தார். எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஊசியா? எம் பையனா?" சிரித்தேவிட்டார். "பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்தாலே பெஞ்சுக்கடியில போய்ப் படுத்துக்குவான் கண்ணு."

"அப்புறம் ஏன் அத்தை போக மாட்டேங்கறான்? இருபத்தொரு வயசுல கால் எப்படி வளருதுன்னு ஊரே கேக்குது."

சல்லடையைக் கீழே வைத்தார். மேஸ்திரி இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு எங்க கண்ணு இருபத்தொண்ணு? பத்தொம்போதுதான் ஆவுது."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது.

"அப்ப எங்க ஊரு ஹனூர்ப் பக்கம் மழ இல்ல. பொழைக்க இங்க வந்தோம். சைட்டுலயே தகரக் கொட்டாய். உங்க மாமன் மேல பூச்சு வேல, நான் கீழ சித்தாளு. இவன மண்ணுமேட்டுல உக்கார வெச்சுட்டு வேல பாப்பேன். ஒரு நாளு, கூட வேல செஞ்சவ புள்ள தண்ணித் தொட்டியில வுழுந்துருச்சு. தூக்கறப்ப ஒண்ணுமில்ல." மணலைக் கையால் சமன் செய்துகொண்டே இருந்தார். "அடுத்த நாளே இவனத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். நாலு வயசு ஆகல. அங்கன்வாடி அந்தப் பக்கமே கெடையாது. ஆறு ஆவுதுன்னு சொன்னேன். பள்ளிக்கூட மேஷ்ட்ரு அவனப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. இவனுக்கா ஆறுன்னாரு. சோறு பத்தாத புள்ள சாமி, இப்படித்தான் இருக்கும்னேன். ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிட்டாரு. மத்தியானம் சோறும் கெடைக்கும், தொட்டிப் பக்கமும் போக மாட்டான். வேற என்ன கண்ணு பண்றது?"

"ஊர்ல பொறந்ததுக்கு ஒண்ணும் இல்லையா?"

"வூட்டுல பொறந்தவன். எதுக்கு எழுதி வெப்போம்?" பிறகு கேட்டார்: "நான் அன்னிக்குச் சொன்ன வயசால பையனுக்கு வேல கெடைக்காமப் போயிருமா?"

தெரியலை அத்தை என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

தூக்கமே இல்லை. எல்லாம் இப்போதுதான் வரிசைக்கு வருகிறது. எட்டாம் வகுப்பில் மாவட்டத் தேர்வுக்குப் போனோம். எங்களோடு ஓடியவன் எங்களைவிட இரண்டு வயது இளையவன். "சிக்கவனு", அதாவது சின்னவன், என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடமும். அதற்கடுத்த வருடமும். நாங்கள் அதையே அவனுக்குப் பட்டப்பெயராக வைத்தோம். அவன் உண்மையிலேயே சின்னவன்தான்.

தாமதமாக ஒன்றும் வளரவில்லை. வளர வேண்டிய வயதில் வளர்கிறான்.

இதை குரூப்பில் ஒரு வரியில் எழுதினால் பரத்தின் வாய் மூடும். ஆனால் எழுதினால்? டீமில் இடம் பிடிக்க வயதைக் குறைக்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். போன வருடம் மாவட்ட டீமில் இரண்டு பேரை அதற்காகவே விலக்கி வைத்தார்கள். கூட்டிப் போட்டவன் உண்டா? எவன் நம்புவான்? மார்க்ஷீட், ஆதார், பேங்க் எல்லாம் பொய் என்று ஆகும். ஊசிக்காரன் போய் ஃப்ராடுக்காரன் வருவான். பரத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்குப் பேச்சு கிடைக்கும்.

தருணிடம் எனக்குத் தெரியும் என்றேன். அவன் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினான்.

"போன வருஷம் விழுந்தப்ப எக்ஸ்ரே எடுத்தேன்ல. டாக்டர் கேட்டாரு, உனக்கு எலும்பே இன்னும் மூடல, வளர்ற பையன் எலும்பு, இருபதுன்னு போட்டிருக்கியேன்னு. பெங்களூர்ல கையை எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா முடிஞ்சுது."

"போகாம இருந்தாலும் முடிஞ்சுதுதான்."

"ம்."

"கையைக் கேட்டா எந்திரிச்சு வந்துரு. நான் வெளிய நிக்கறேன்."

ஜூன் 9, திங்கள்

இருவரும் பெங்களூர் போனோம். ரத்தம், சிறுநீர், நெஞ்சில் வயர் ஒட்டி ஒரு சோதனை. நான் வராந்தாவில். ஒரு ஆள் வெளியே வந்து "எக்ஸ்ரே, தருண்குமார்" என்று கூப்பிட்டபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அடிதடிக்குப் போகிறவன் மாதிரி.

எடுத்தது முட்டியை.

டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாராம். வயசு என்ன என்று கேட்டாராம். இருபத்தொண்ணு சார் என்றானாம். கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தாராம், பிறகு பாதத்தைப் பார்த்தாராம். "நல்லா சாப்பிடு. நல்லா தூங்கு," என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? ரயிலில் வரும் வழியெல்லாம் இதையே பேசினோம். மத்தூர் தாண்டியதும் பேசவும் பயமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

சுத்தம். எதுவும் இல்லை. கிளப்பே அறிவித்துவிட்டது.

குரூப்பில் பரத்: "சுத்தம்னா மாட்டலன்னு அர்த்தம். கால் வளந்ததுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல."

பதிலை முழுவதுமாக டைப் செய்தேன். தண்ணித் தொட்டி, மேஷ்ட்ரு, ஜூன் ஒன்று, எல்லாம். கட்டைவிரல் அம்புக்குறி மேலேயே இருந்தது. அழித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சண்டையில் கையில் குண்டை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

கையெழுத்து ஆயிற்று. கோச் சொன்னாராம்: "பத்தொன்பது இருபதுன்னா ஜூனியர் டீம்ல போட்டு வளரட்டும்னு விடுவோம். நீ முழுசா வளந்தவன். அதான் நேரா எடுத்தோம்."

தருண் தலையை ஆட்டினானாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தருண் இல்லாத முதல் மேட்ச். தகரம் தட்டினேன். கை எரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் தருண் போன் செய்தான். நேற்று கடைசி இருபது நிமிடம் இறக்கினார்களாம். கோல் இல்லை, ஆனால் கோச் முதுகில் தட்டினாராம். அத்தையிடம் வேலையை விடச் சொல்லும்படி சொன்னான். அவர் விட மாட்டார் என்றேன். பேச்சு முடிந்தும் போனை வைக்கவில்லை.

"என்னடா?"

"பூட்ஸ் விரல்ல இடிக்குது."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"கிளப்புல கேட்டா அளவு பாப்பாங்க. சேர்றப்ப ஒன்பதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நீ பத்து வாங்கி அனுப்பு. இதே கலரு, இதே மாடல். யாருக்கும் தெரிய வேணாம்டா. விஜய்குமார் அண்ணனுக்குக்கூட."

வழக்கமாகப் போகிற கடைக்குப் போகவில்லை, அங்கே பரத்தைத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக்கடை. பத்து என்றேன். கடைக்காரர் எடுத்து வந்தார்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். என் அளவு ஏழு. "போட்டுப் பாத்துருங்க. அப்புறம் மாத்தித் தர மாட்டோம்."

உட்கார்ந்தேன். போட்டேன். லேஸை இழுத்துக் கட்டினேன். எழுந்து கண்ணாடிவரை நடந்தேன். குதிகால் உள்ளே ஒவ்வொரு அடிக்கும் தனியாக எழும்பியது.

"சரியா இருக்கு," என்றேன்.