ஹரிதாக்கா கம்ப்யூட்டர்ல லினக்ஸ்

ஹரிதாக்கா,

கம்ப்யூட்டர ஆன் பண்ணாத. ஹார்டு டிஸ்க கழட்டி எடுத்துக்கினு திருப்பதி ரிப்பேர் கடைக்குப் போறேன்.

நீ பத்திரிகை அடிக்க அட்டை வாங்க புத்தூர் போனப்ப, கம்பெனிக்காரன் விண்டோஸ தூக்கிட்டு எல்லாருக்கும் பொதுவான லினக்ஸ் போட்டேன். நீ டைப் பண்ணி வெச்ச கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப் பக்கம், தெலுங்குப் பக்கம் ரெண்டும் அழிஞ்சிடுச்சி. காப்பி இருக்குதேன்னு தேடினா, அது இருந்த பென்டிரைவ அழிச்சிதான் லினக்ஸ ஏத்தியிருக்கேன். அழிஞ்சத டிஸ்க்லேர்ந்து மீட்டுக் குடுப்பாங்களான்னு கடையில கேட்டுப் பாக்கறேன்.

சாயந்தரம், பத்திரிகை அடிக்கக் குடுத்த பாலசமுத்திரம் பொண்ணு வூட்டுக்காரங்க அத வாங்க வந்தா, தம்பி கெடுத்துட்டான்னே சொல்லிடு. உன் பேரு கெட வேணாம்.

புளிசாதம் மூடி வெச்சிருக்கேன், துன்னு.

சுதீர்

இன்னொண்ணு. உன் கம்ப்யூட்டர் உன் இஷ்டப்படிதான் இருக்கணும், கம்பெனிக்காரன் இஷ்டப்படி இல்லன்னு தெனம் லெக்சர் அடிச்சது நான்தான். உன்ன ஒரு வார்த்த கேக்காம பண்ணதும் நான்தான்.