லோஜினியின் புள்ளடி

மிட்சம், லண்டன்,
04.09.2014

அன்புள்ள மகள் லோஜினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் விம்பிள்டன் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் டண்டீயில், அந்த ஸ்கொட்லாந்துக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். சுகம் விசாரித்தாயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உன்மேல் சரியான கோபம். அப்பாமேல் அதைவிடக் கோபம். தொலைபேசியில் கத்தினால் நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

வீடு மாறுகிற நேரம் எல்லாக் கடிதத்துக்கும் எங்கள் விலாசத்தைக் கொடுத்தாய்தானே, அதில் உன்னுடைய தபால் வாக்குச்சீட்டும் போன கிழமை இங்கே வந்தது. வங்கிக் கடிதம்போல அதையும் அப்பா பிரித்துவிட்டார். ஸ்கொட்லாந்து தனிநாடாக வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வி, இரண்டு பெட்டி, ஒன்றில் பெருக்கல் அடையாளம்போல ஒரு புள்ளடி, அவ்வளவுதான். உனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "அம்மா, அது அவையின்ர பிரச்சினை, நான் இஞ்ச வேலைக்கு வந்த ஆள், கிழிச்சு எறியுங்கோ" என்றாய். நீ வேலை செய்கிற மருந்துக்கடைக்கு வந்த ஒருவன், லண்டனில் இருந்து வந்த உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டானாம். சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அவனுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கலாம், அங்கே வரி கட்டலாம், வாக்கு மட்டும் போடக்கூடாதோ? சட்டம் தந்ததை அவன் யார் வேண்டாம் என்று சொல்ல? அவன் சொன்னானாம், இவ கேட்டாவாம். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது பிள்ளை.

இங்கே கூத்தைக் கேள். தொலைக்காட்சியில் முதலாவது விவாதம் நடந்த அன்று அப்பா தேத்தண்ணியும் குடிக்காமல் இருந்து பார்த்தார். தனிநாடானால் எந்தக் காசைப் பாவிப்பது, எந்தக் காசைப் பாவிப்பது என்று வேணும் என்கிறவரும் வேண்டாம் என்கிறவரும் மாறி மாறிக் கத்தினார்கள், ஒருவரை ஒருவர் பேச விடவில்லை. முடிந்த கையோடு யார் வென்றது என்று வீதக்கணக்குப் போட்டார்கள், சனம் யோசிக்க ஒரு இரவுகூடக் கொடுக்கவில்லை. அப்பா "வேண்டாம், பென்சனெல்லாம் குழம்பிப் போகும்" என்றார். மூன்று கிழமையில் இரண்டாவது விவாதம், அது முடிய அதே மனுஷன் எழும்பி நின்று "விடக்கூடாது, கேட்டு வாங்கவேணும்" என்கிறார். அருட்பிரகாசம் அண்ணை ஜெர்மனியில் இருந்து வந்து இங்கே கடை போட்டவர் தெரியும்தானே, அவர் சாமான் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் வேணுமா வேண்டாமா என்று கேட்டுச் சுவரில் கோடு கீறி வைத்திருக்கிறார். அறுபது கோடு இருக்கும். அந்த அறுபது பேரில் ஒருவருக்கும் அங்கே வாக்கு இல்லை. வாக்கு இருக்கிற ஒரே ஆள் நீ, நீ கிழித்து எறியச் சொல்கிறாய்.

நீ அப்படிச் சொன்னதும் அப்பா கறுப்புப் பேனையை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் குந்திவிட்டார். "அவள் வேண்டாமெண்டா நான் போடுறன், பள்ளிக்கூட றிப்போட்டில கையெழுத்து வைச்சவன்தானே, அவளின்ர கையெழுத்தும் எனக்கு வரும்" என்றார். நான் பாய்ந்து பறித்தேன். "நீர் சும்மா இரும், உமக்கு அரசியல் விளங்காது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு விளங்காதாம்!

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஊரில் வாக்குப் போடப் போனேன். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று உள்ளே போனால், மேசையில் இருந்தவர் "உம்மட வோட்டுப் போட்டாச்சு, வீட்டை போம்" என்றார். என் பெயருக்கு மேல் நேராகக் கோடு கீறியிருந்தது. மை படாத விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவளைக் கூப்பிட்டார். அழுதுகொண்டு வந்தேன், வீட்டிலும் பேச்சுத்தான் வாங்கினேன், ஏன் போனாய் என்று.

பேனையோடு இருந்த அப்பாவைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிரஜாவுரிமை கிடைத்த நாளில் இருந்து இந்த வீட்டில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு தபால் வாக்கு வரும், அப்பா இரண்டையும் விரித்து வைத்து இரண்டிலும் தானே புள்ளடி போடுவார், நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்து வைப்பேன். யாருக்கு என்றும் கேட்டதில்லை. ஊரில் என்னுடையதை யாரோ களவெடுத்தான், இங்கே நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் கள்ள வோட்டுக்காரனோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். மூன்று நாளாகப் பேச்சில்லை, சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். பேசாவிட்டால் போகட்டும். தபால் வாக்கு வேண்டாம் என்று கவுன்சிலுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், வருகிற மே மாதத் தேர்தலுக்கு நானே நடந்துபோய் வரிசையில் நிற்பேன்.

உன் சீட்டை வேலை ஷிப்டுக்குப் போகும்போதும் கைப்பையில் கொண்டு திரிந்தேன், இவரை நம்பி வீட்டில் வைக்க ஏலாது. இதோடு பதிவுத்தபாலில் வருகிறது, ஒரு பேனைக் கீறல்கூட இல்லை. வேணும் என்று போடு, வேண்டாம் என்று போடு, இரண்டும் பிடிக்காவிட்டால் வெறுமையாகவே மடித்து அனுப்பு, ஆனால் அதை நீ செய். கிழிக்கச் சொல்லி என்னிடம் இன்னொரு முறை கேளாதே. கூட இருக்கிற கையெழுத்துத் தாளில் பிறந்த திகதி கேட்கிற இடத்தில் அவசரத்தில் அன்றைய திகதியை எழுதிவிடாதே. தபாலுக்கு நாள் காணாவிட்டால் வாக்களிப்பு நாளான பதினெட்டாம் திகதி வாக்குச்சாவடியில் நேரே கொடுக்கலாமாம்.

காலுறை போடாமல் திரியாதே, இரவில் வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. பிள்ளையார் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நல்லாயிருக்க வேண்டும். எந்தப் பெட்டியில் புள்ளடி போட்டாய் என்று அப்பா நைசாகக் கேட்பார், சொல்லாதே. நானும் மனம் பொறுக்காமல் ஒருநாள் கேட்பேன். எனக்கும் சொல்லாதே.

கோபம் ஆறாத,
உன் அம்மா
ஜெயகௌரி