தம்பியின் அறைக்கு அனுமதி கிடைத்தது

அல்வால், செகந்திராபாத்
19 ஆகஸ்ட் 2009

அன்பு மகள் ஷெர்லிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே அப்பாவும் தம்பியும் நானும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜோயலும் அப்படியே சுகமாயிருக்க வேண்டுமென்று காலையிலும் மாலையிலும் உங்கள் பேரைச் சொல்லித்தான் ஜெபம் முடிக்கிறோம். மெல்போர்னில் இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, ஜோயலுக்கு மார்ச்சளி குறைந்ததா? ஃபோன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோன் ஹாலில் இருக்கிறது, தம்பியும் ஹாலில் இருக்கிறான், அவனைப் பற்றி அவன் காதுபடவே எப்படிச் சொல்வது? அதனால்தான் இப்போது மாடியில் உன் பழைய மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. அறை கட்ட அனுமதி கிடைத்துவிட்டது. அப்பா நேற்று முனிசிபல் ஆபீஸுக்குப் போய் சீல் வைத்த பிளானைக் கையோடு வாங்கி வந்துவிட்டார். ராத்திரி நான் ஒரு தரம்கூட விழிக்காமல் தூங்கினேன்.

நீ சொன்னதெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, வீட்டை விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள ஃபிளாட்டுக்குப் போங்கள் என்றாய், அதுவும் தப்பில்லை. ஆனால் ஜனவரியில் தம்பி கொண்டாப்பூர் ஆபீஸிலிருந்து பைக்கில் வரும்போது லாரி இடித்து நடக்க முடியாமல் போனதிலிருந்து அவன் பறிகொடுத்தது போதும், வீடும் போக வேண்டாம் என்று அப்பாவுக்குப் பட்டது. படுக்கையறை எல்லாம் மாடியில். நம் தம்பி ஃபிரெடி கட்டிலை ஹாலில் போட்டு நடுவில் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். யார் வந்தாலும் அவனைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், குளிக்க வைக்க வேண்டுமென்றால் எல்லாரையும் வெளியே அனுப்ப வேண்டும். இருபத்தேழு வயதுப் பையன், எவ்வளவு நாள் பொறுப்பான்? பேச்சே குறைந்துபோனது. பழைய ஆபீஸ் நண்பர்கள் வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். கேட் வரைக்கும் போகலாம் வா என்றால் நக்கோ அம்மா, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். இதையெல்லாம் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை, தூரத்தில் இருந்து என்ன செய்வாய் என்றுதான்.

அடுத்த வீட்டு வேணுகோபால் பக்கம் காலியாகக் கிடக்கும் சந்தில் ஒரு அறையும் பாத்ரூமும் எழுப்பலாம் என்று முதலில் பிளான் போட்டுக் கொடுத்தோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே அவ்வளவு இடம் காலியாக விட்டே ஆக வேண்டுமாம், போதாததற்கு வேணுகோபால் வேறு எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. இத்தனை வருஷம் கறிவேப்பிலை கொடுத்து வாங்கிப் பழகின வீடு, நம் பிள்ளையின் நிலைமை தெரிந்தும் இப்படிச் செய்வார்களா என்று அவர் மனைவி பாமாவோடு பேசுவதையே விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து சம்பந்தம் மேஸ்திரி வந்து, அம்மா, இந்தத் தெருவுல யாரு பர்மிஷன் வாங்கிக் கட்டியிருக்கா, ஆபீசுக்கு ரெண்டு நாள் லீவு சேர்ந்து வரட்டும், ஸ்லாப் போட்டுர்றேன், அப்புறம் யாரு வந்து இடிக்கப்போறான் என்றார். அப்பா கணக்கு வழக்கில் எவ்வளவு நேர்மையான மனுஷர் என்று உனக்குத் தெரியும், அவரே காலண்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கோ சரியென்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து தம்பிதான் சத்தம் போட்டான். இடிக்க வந்தா என் ரூமைத்தான்பா இடிப்பாங்க, நான் உள்ள இருப்பேன், எல்லாரும் ஓடுவீங்க, நான் எப்படி ஓடுவேன் என்றான். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாளே கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, அந்தச் சுவரை அளங்க, இந்தச் சுவரை அளங்க என்று விரட்ட ஆரம்பித்தான். வேணுகோபாலுக்கும் அவனே ஃபோன் செய்து வரச் சொன்னான். மனுஷர் கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். பாபு, உன் மேல எனக்கு என்ன கோபம், அந்த அறை எழும்பினால் எங்கள் சமையலறை ஜன்னலில் வெளிச்சமே வராது, பாமாவுக்கு ஏற்கெனவே கண் சரியில்லை என்று தெலுங்கில் சொன்னார். பாமாவின் கண் விஷயம் எனக்கே தெரியாது. அவர் சொல்றதும் நியாயம்தானேம்மா என்று தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். சந்தில் எதுவும் எழுப்பவே வேண்டாம், சாப்பாட்டு அறையின் பின்சுவரை எடுத்துவிட்டு, துணி துவைக்கும் இடம்வரை அறையை நீட்டலாம், பாத்ரூமும் அங்கேயே வந்துவிடும் என்றான். பிளான் போடுகிறவர் பார்த்துவிட்டு இதில் விதிக்கு ஒரு குறையும் இல்லை என்று ஒப்புக்கொண்டு சுத்தமாக வரைந்து கொடுத்தார். எனக்குச் சாப்பாட்டு அறை பாதியாகிவிடும், போகட்டும், சமையலறையில் உட்கார்ந்தே சாப்பிட்டுக்கொள்ளலாம். வேணுகோபாலும் ஆட்சேபணையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

போன வாரம் இடத்தைப் பார்க்க ஆபீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள், உன் வயசுதான் இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இந்த அறைக்குச் சந்துப் பக்கம் எதற்குத் தனி வாசல், ஐ.டி. பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடப்போகிறீர்களா என்று அப்பாவைக் கேட்டாள். எனக்கே அப்போதுதான் தெரியும், ஹால் பக்கம் ஒரு கதவு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நானும் விழித்தேன். தம்பி தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, வாடகைக்கு இல்ல மேடம், எனக்குத்தான், சந்து வழியா சரிவுப் பாதை போட்டு நேரா கேட்டுக்குப் போயிருவேன், வெளிய போகணும்னா ஒவ்வொரு தடவையும் அம்மாகிட்ட கேட்க வேண்டியிருக்கு, கேட்காம போகணும் என்றான். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய் அழுதேன். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு என்னிடமிருந்து தப்பிக்க ஒரு வாசலா என்று இருந்தது. அப்பா பின்னாலேயே வந்தார். அழாதே ஜூடித், அவன் என்ன சொன்னான் என்று சரியாகக் கேட்டாயா, வெளியே போகணும் என்கிறான், போகணும் என்கிறான் ஜூடித் என்று சொல்லிக்கொண்டே அவரே அடுப்பில் டீத் தண்ணீரை வைத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கும் உறைத்தது. கேட்வரைகூட வரமாட்டேன் என்ற பிள்ளையல்லவா இவன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் நம் சர்ச் ஐயர் வந்து ஜெபித்து மூலைக்கல் வைக்கிறார், உங்கள் நேரத்துக்கு மத்தியானம் இருக்கும், அந்த வேளையில் நீங்களும் முழங்காலிடுங்கள். இனிமேல் ஃபோன் செய்தால் கால் எப்படி இருக்கிறது என்று தம்பியைக் கேட்காதே. பாத்ரூம் தரைக்கு வழுக்காத டைல் எது நல்லது, கைப்பிடி எந்த உயரத்தில் வைக்க வேண்டும், அந்த ஊரில் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்து அவனிடம் சொல், அரைமணி நேரம் பேசுவான். மாப்பிள்ளையை இருட்டில் கார் ஓட்டும்போது நிதானமாகப் போகச் சொல். நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. ஜோயலுக்குத் தமிழில் ஒரு பாட்டாவது சொல்லிக்கொடு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, வீடு நிறையச் சமாதானம் தருவாராக.

என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஜூடித் சிலாஸ்

மறந்துவிட்டேனே, கடிதத்தை ஒட்டுவதற்குக் கீழே இறங்கினால் அக்காவுக்கா என்று தம்பி கேட்டான், ஏதாவது எழுதவா என்றேன். கிறிஸ்மஸுக்கு வந்தா அவ மாடியிலேயே படுத்துக்கட்டும், கீழ் ரூம் எனக்கு மட்டும்தான்னு இப்பவே எழுதிருங்க என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான், ஷெர்லி.