சிவப்பு அரைக்கால்சட்டை

மார்ச் 12

மழை. இறைச்சி ஆலையில் வேலை முடிந்து நேராக ரக்பி பயிற்சி. ஜூனில் எங்கள் கிளப்புக்கு நூறு வயது. மைதானத்துக்குப் பெயர் வைக்கிறார்களாம் — பெல்லமி மைதானம்.

சுவர் முழுக்கப் பழைய படங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் பண்ணைக்கார வெள்ளையர்கள். பின்னால் நிற்பவர்கள் ஆலைக்கார மாவோரிகள், இந்த மண்ணின் பூர்வகுடிகள், எங்கள் ஆட்கள். கழுத்தைக் கொடுத்து முட்டியது நாங்கள். கோப்பை அவர்கள் மடியில்.

மார்ச் 13

எழுதியே ஆகவேண்டும். ஆறு வருடத்துக்கு முன் இறுதி ஆட்டம். என் அண்ணன் டிபேனேவின் தலையில் யாரோ முழங்காலால் இடித்தார்கள். எழுந்தவன் எதிரணியோடு போய் நின்றான். பயிற்சியாளர் ஆர்ச்சி பெல்லமி அவன் முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணுமில்லடா, போ உள்ள" என்று முதுகில் தட்டி அனுப்பினான். மறுபடி அடி. கோப்பை கிடைத்தது. அண்ணனுக்கு வேலை போனது. காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுகிறான். வெளிச்சம் ஆகாது.

கேட்டால் பெல்லமி சொல்வது: "அவனேதானே போறேன்னான்?"

ஏப்ரல் 20

விழாவில் பழைய ஆட்டக்காரர்களோடு எங்களுக்கு ஓர் ஆட்டம். பெல்லமியும் இறங்குகிறானாம், அறுபத்திரண்டு வயதில். பெயர் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 21

சே. அறுபது தாண்டியவர்களுக்குச் சிவப்பு அரைக்கால்சட்டை. சிவப்பு போட்டவரை யாரும் தொடக்கூடாது, ஓடவிட்டுக் கைதட்ட வேண்டும். இவனுக்கு நான் கைதட்டணுமா?

மே 30

உடை கொடுத்தார்கள். கிளப் உடைகளைக் கவனிக்கும் லோர்னா பெல்லமியிடம் சிவப்பை நீட்டினாள்.

"இது உன் புருஷனுக்கு லோர்னா. எனக்குக் கருப்பு குடு."

"இடுப்பு உடைஞ்சா என்கிட்ட வராத ஆர்ச்சி."

"யாரு, இந்தப் பசங்களா உடைப்பானுங்க?" என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கருப்பு! அவனாகவே கேட்டு வாங்கினான்.

ஜூன் 1

தோள் வலிக்கிறது. வலிக்கட்டும்.

விழா ஆட்டத்தில் பந்து பெல்லமி கைக்கு வந்ததும் பாய்ந்தேன். விதிப்படிதான். தோளைத் தாழ்த்தி, கையைச் சுற்றி, நெஞ்சில். அவன் தலை தரையில் மோதிய சத்தம் கேட்டது. "அப்படிப் போடு ரேவி!" என்று பண்ணைக்காரர்களே கத்தினார்கள். என் வன்மம் அவர்களுக்கு நல்ல ஆட்டமாகத் தெரிந்திருக்கிறது.

எழுந்தான். பார்வை எங்கோ போனது. "இன்னைக்கு யாரோடடா ஆட்டம்?"

எல்லோரும் சிரித்தார்கள். "கிழட்டுக் காளை எழுந்துடுச்சு! உள்ள போ ஆர்ச்சி!"

"போறேன், போறேன்" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவனே போவான். வேறொருவன் இடிப்பான். அவ்வளவுதான்.

ஏன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்? இரக்கமா? சத்தியமா இல்ல. இவனும் மறந்துட்டா எப்படி? மறக்கறது சௌகரியம். அதை இவனுக்குத் தரமாட்டேன். என் அண்ணனை இவன் சாகறவரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கணும்.

"விடுடா, நல்லாத்தான் இருக்கேன்" என்று திமிறினான்.

"டிபேனேவும் இதையேதான்யா சொன்னான்" என்றேன்.

ஜூன் 2

பெயர்ப்பலகையை அவன் மகன் திறந்துவைத்தான். அப்பன் மருத்துவமனையில். சிறந்த ஆட்டக்காரர் என்று எனக்கொரு கேடயம் கொடுத்தார்கள். வழியில் ஆற்றில் எறிந்தேன்.

ஜூன் 9

அவன் வீட்டுக்குப் போனேன். பார்த்து ரசிக்கத்தான். திரைகளெல்லாம் மூடியிருந்தன.

"வெளிச்சம் குத்துது. உன் அண்ணனுக்கும் இப்படி..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16

மறுபடி போனேன். அதே நாற்காலி.

ஜூலை 16

பயிற்சி. ஆலைக்காரன் ஒருவன் அடிபட்டுத் தள்ளாடினான். இப்போது பெல்லமியின் மகன்தான் பயிற்சியாளர். "ஒண்ணுமில்ல, ஓடு ஓடு" என்றான்.

கருப்புக் கண்ணாடியோடு வேலியோரம் நின்ற பெல்லமி தடுமாறிக்கொண்டே உள்ளே வந்தான். "அவனை வெளிய எடுடா! இப்பவே!"

"அப்பா, வீட்டுக்குப் போய்ப் படுங்க." நாலு பேர் சிரித்தார்கள்.

பெல்லமி நகரவில்லை. நான் அவனை மன்னிக்கவில்லை. இனியும் மாட்டேன். ஆனால் பந்து என் கையில் இருந்தது. அது வராமல் ஆட்டம் தொடராது. அடிபட்டவன் எல்லைக்கோட்டைத் தாண்டி உட்காரும்வரை அதை யாருக்கும் கொடுக்கவில்லை.