காய் வெடிக்கும்வரை

லானோ, டெக்சஸ்
அக்டோபர் 9

அன்பு மகள் ஒடிலியாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று உறையை ஓரமாக வைத்துவிடாதே. எழுதுவது நானேதான். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. எழுபத்து மூன்று வயதில் நூலகத்து வகுப்பில் சேர்ந்தேன். இப்போது சோளமாவுப் பொட்டலத்தில் இருப்பதைக்கூட விடாமல் சத்தமாகப் படிக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை.

போன வாரம் கொட்டகையில் அந்தப் பலகை அகப்பட்டது. மருத்துவமனைக்குப் போகும் முன், புல் வெட்ட வரும் ஆளுக்காக உன் அம்மா ரமோனா அந்த நீலப்பூ புளூபானெட் செடிகளின் நடுவே நட்டுவைத்தது. 'காய் வெடிக்கும்வரை வெட்டாதீர்கள்.' அதை முதல்முறையாகப் படித்தேன். அன்று அது விதைக்கடைப் பெயர்ப்பலகை என்று நினைத்துப் பிடுங்கி வைத்தேன். வேலி அடிக்க ஊர் ஊராகப் போனவனுக்கு விதை எப்போது முற்றும் என்று என்ன தெரியும்? பூ உதிர்ந்துவிட்டது, ரமோனா திரும்பும்போது வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் புல் வெட்டும் மெஷினை ஓட்டினேன்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, மகளே. இதைச் சொல்லத்தான் படித்தேன்.

உன் அப்பா
எயுசேபியோ


சிகாகோ
நவம்பர் 2

அப்பாவுக்கு,

மூன்று தடவை படித்தேன். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தினமும் காலையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்களே.

அது ஒரு வருடச் செடி. விதை விழாவிட்டால் அடுத்த வருடம் இல்லை. அம்மா அந்தக் குளிர்காலத்தில் போய்விட்டாள். வசந்தத்தில் அவள் கல்லறைக்கு எடுத்துப்போக நம் வாசலில் அந்தப் பூ ஒன்றுகூட இல்லை. அவள்மேல் ஏதோ கோபத்தில் பலகையைப் பிடுங்கினீர்கள் என்றே ஆறு வருடமாக நினைத்திருக்கிறேன். நான் கேட்டபோது, "விடு ஒடிலியா, அவர ஒண்ணும் கேக்காத" என்று மட்டும் அம்மா சொன்னாள். அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?

ஒடிலியா


லானோ
ஜனவரி 14

அன்பு மகளுக்கு,

நீ பதில் போட்டதே போதும். உறையின் மேல் என் பெயரை நானே படித்தேன்.

பேப்பரில் படம் பார்ப்பேன். செய்தியை அம்மா சமைத்துக்கொண்டே படித்துச் சொல்வாள். உனக்குத் தெரியக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ பிறக்கும் முன்னமே. அவள் காப்பாற்றினாள். நான்தான் அவளைப் பேசவிடவில்லை.

அக்டோபரில் மறுபடி விதைத்தேன். பக்கத்து வீட்டு ஓட்டோவின் வேலியோரம் வருடாவருடம் பூக்கிறதே, அது அம்மாவின் செடியிலிருந்து அந்தக் காலத்தில் வெடித்து அந்தப் பக்கம் விழுந்ததுதானாம். அவன் ஒரு டப்பா நிறைய விதை கொடுத்தான். பொடிக்கல் மாதிரி இருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்து ஊறவைத்தேன். நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து அவன், "யோவ், கல்லு மொளச்சா எனக்கும் ரெண்டு குடு, வீடு கட்டணும்" என்றான்.

நாற்பத்தொரு செடி முளைத்தன. தொட்டால் உருண்டுகொள்ளும் பூச்சி பாதியைத் தின்றது. பயத்தில் தினமும் தண்ணீர் விட்டேன், நான்கு அழுகின. வறட்சியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது என்று நூலகத்துப் புத்தகத்தில் பிறகுதான் படித்தேன். இப்போது பதினேழு. மூன்று மாதமாக நல்ல மழை இல்லை. தினமும் காலையில் எண்ணுகிறேன். பூத்தால் உன் குழந்தையை அழைத்து வருவாயா? ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் பூவுக்குள் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள்.

அப்பா


சிகாகோ
ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

மே பதினாறுக்கு முன் விடுப்பு கிடைக்காது. அதற்குள் பூ முடிந்துவிடும். பூ இல்லாமல் வந்து என்ன செய்வது? வருவதாக இன்னும் முடிவு செய்யவில்லை. எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒடிலியா


லானோ
ஏப்ரல் 30

அன்பு மகளுக்கு,

பதினேழும் பூத்தன. ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. கல்லறைக்கும் கொண்டுபோகவில்லை. அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். இப்போது எல்லாம் பச்சைக் காய். பார்க்கக் களை மாதிரிதான் இருக்கிறது.

நேற்று ஓட்டோ மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். "மக வருவான்னு சொன்னியே, வாசல் இப்பிடியா கெடக்கும்? தள்ளு, நான் வெட்டி விடறேன்." மெஷினுக்குக் குறுக்கே போய் நின்றேன். "பலகையப் படிடா" என்றேன். படித்தான். அப்புறம் மெஷினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அம்மாவின் பலகையை அதே இடத்தில் நட்டிருக்கிறேன். நீ வருவாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. பூ இருக்காது. ஆனால் மே நடுவில் வெயில் ஏறினால் காய்கள் பட் பட்டென்று வெடிக்கும். குழந்தைக்கு அது பிடிக்கும். விழுகிற விதையை எண்ண எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

பலகையில் அம்மா எழுதியதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பெயிண்டில் நானும் ஒரு வரி எழுதினேன். அரை நாள் ஆயிற்று.

'மகள் வரும்வரையும்.'

அப்பா